அக்கா கோபத்தில் எழுதிய ஃபான்ட்

போன வாரம் ஒரு வேலையாகப் புதுச்சேரி போயிருந்தேன். நல்ல வெயில். பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் வழியில் புதிதாக ஓர் ஐஸ்கிரீம் கடை கண்ணில் பட்டது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, வாசலுக்கு மேலே பெரிய கறுப்பு எழுத்தில் ஒரு போர்டு — ‘உள்ள வாங்க. ஜில்லுனு இருக்கும்.’

அதைப் படித்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா?

செருப்பைக் கழற்றினேன். சும்மா கழற்றிப் போடவில்லை. ஜோடி சேர்த்து, சுவரோரமாக, யார் காலிலும் இடறாத மாதிரி தள்ளி வைத்தேன். வெறுங்காலோடு உள்ளே போனேன்.

கவுன்டரில் இருந்த பெண் என் காலைப் பார்த்தாள். “சார், செருப்பு போட்டுட்டே வரலாம்” என்றாள்.

“பரவால்லம்மா… பழக்கம்” என்றேன்.

ஐஸ்கிரீமையும் ஒரு சொட்டு கீழே சிந்தாமல் சாப்பிட்டேன். காலி கப்பைத் தேடிப் போய்க் குப்பைத் தொட்டியில் போட்டேன். டேபிளில் ஈரம் இருந்ததா என்று திரும்பி ஒரு தடவை பார்த்தேன். கைக்குட்டையால் துடைத்தும் விட்டேன்.

எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. காரணம் அந்த போர்டு. அதிலிருந்த எழுத்து என் அக்காவின் எழுத்து. அக்கா எழுத்து மாதிரி என்று சொல்லவில்லை — அக்காவின் எழுத்தேதான்.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் அக்கா சாந்தியை ஓரளவு தெரிந்திருக்கும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் அக்காவும் அத்தானும் ஒரு யூனிட் நடத்துகிறார்கள். வருஷம் முழுக்க மின்சாரப் பெட்டியில் மாட்டுகிற பீங்கான் பியூஸ் கேரியர். கார்த்திகை நெருங்கினால் அகல் விளக்கு. சூளையை அத்தான் பார்த்துக்கொள்வார். மற்ற எல்லாவற்றையும், அத்தான் உட்பட, அக்கா பார்த்துக்கொள்ளும்.

யூனிட்டுக்கு ரோட்டைப் பார்த்து ஒரு நீளமான சுவர். நம்ம ஊரில் ரோட்டோரம் நீளமாக ஒரு சுவர் இருந்தால் அது என்ன கதிக்கு ஆளாகும் என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டுமா?

அக்கா முதலில் வாயால்தான் சொல்லிப் பார்த்தது. ஆள் மாற்றி ஆள் வந்தால் எத்தனை பேரிடம் சொல்வது? ஒருநாள் பீங்கானுக்குப் பளபளப்பு ஏற்றும் கிளேஸைப் பூசிப் பூசித் தேய்ந்துபோன தட்டையான பிரஷ் ஒன்றை எடுத்தது. கேட்டுக்கு அடித்து மிஞ்சிய கறுப்பு பெயிண்டில் முக்கியது. சுவரில் எழுதியது.

‘நாய்கூட யோசிக்கும். நீ?’

அப்புறம் அதற்குப் பக்கத்தில்…

‘மூக்கு இருக்குதுல்ல? நாத்தம் தெரியுதுல்ல?’

எஸ்டேட்டில் உடைந்த சரக்கை இரவோடு இரவாக யாரோ வந்து கொட்டிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் ஒன்று.

‘ஒடஞ்ச பீங்கான இங்க கொட்டுறவன் கையும்…’

அதற்கு மேல் எழுதவில்லை. மூன்று புள்ளி மட்டும். கொட்டுவது நின்றுபோனது அந்த மூன்று புள்ளிக்குப் பயந்துதான் என்று அத்தானே என்னிடம் சொல்லியிருக்கிறார். அத்தான் ஒரு முழு வாக்கியம் பேசுவது அபூர்வம் என்பதால் இதை நான் மறக்கவில்லை.

அந்த எழுத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஒற்றைக் கொம்பு நிஜமாகவே முட்ட வரும். ‘ட’ முகத்தில் அடித்துச் சாத்திய கதவு. பாதிக் கோட்டில் பெயிண்ட் தீர்ந்து பிரஷ் வறண்டுவிடும். அக்கா திரும்ப முக்காது, இன்னும் அழுத்தி இழுக்கும். அதனால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் கறுத்து, மறு பக்கம் பிய்ந்து, நரம்பு புடைத்த மாதிரி நிற்கும். படிக்கத் தெரியாதவனுக்கும் விஷயம் புரிந்துவிடும்.

இப்படி இருக்கையில்தான் பிரபுவுக்குப் பெண் பார்க்கிற பேச்சு வந்தது. பிரபு அக்காவின் ஒரே மகன். புதுச்சேரியில் வேலை. பெண்ணை நாங்கள் பார்க்கவில்லை, அவனே பார்த்துவிட்டான். பெயர் யாழினி. வேலை என்ன என்று கேட்டோம்.

“ஃபான்ட் டிசைனர்” என்றான்.

“அப்படின்னா?” என்றது அக்கா.

“கம்ப்யூட்டர்ல, போன்ல எல்லாம் எழுத்து வருதுல்லம்மா? அது தானா மொளைக்காது. யாராவது ஒக்காந்து ஒவ்வொண்ணா வரையணும். மசாலா பாக்கெட்டு, பேனரு, கடை போர்டுல எல்லாம் கையால எழுதுன மாரியே இருக்குது பாரு, அதுவும் அப்படி வரஞ்சதுதான். அந்த வேலை.”

“அப்ப எழுதப் படிக்கத் தெரிஞ்ச பொண்ணு” என்று அக்கா திருப்திப்பட்டுக்கொண்டது.

பெண் வீட்டார் வீடும் யூனிட்டும் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அன்று சாயங்காலமே அக்கா என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து நின்றது.

“டேய் குமாரு, அந்தச் செவுத்த அவுங்க பாத்தா என்னாடா நெனைப்பாங்க?”

“நல்ல மாமியாரு வாய்ச்சிருக்குதுன்னு நெனைப்பாங்க” என்றேன்.

“வெளையாடாத. வெள்ளை அடிச்சிடு.”

அடித்தேன். ஒரு தடவை அடித்ததில் ‘நீ?’ மட்டும் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது. இன்னொரு தடவை அடித்தேன். சுவர் முற்றும் துறந்த சாமியார் மாதிரி ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். யாழினியின் அப்பா, அம்மா, யாழினி. காரிலிருந்து இறங்கியதும் அந்த அம்மா, “செவுரு பளிச்சுனு இருக்குதுங்க” என்று பாராட்டினார். அக்கா பெருமையோடு என்னைப் பார்த்தது.

யாழினி மட்டும் உள்ளே வரவில்லை. சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கையால் தடவிப் பார்த்தாள். திரும்பியபோது அவள் முகம் ஏமாந்துபோயிருந்தது.

“இங்க எழுதியிருந்தது எங்க?”

அக்கா பிரபுவைப் பார்த்தது. பிரபு மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காயைப் பார்த்தான்.

“என்னா எழுதியிருந்துச்சும்மா?” என்றது அக்கா, சர்க்கரை தடவிய குரலில்.

“‘நாய்கூட யோசிக்கும். நீ?’” என்றாள் யாழினி. பெற்றவர்கள் முன்னால், கணீரென்று.

அவள் அப்பா தொண்டையைச் செருமினார். அம்மா முந்தானையைச் சரிசெய்தார். ஒரு கல்யாணம் எங்கள் கண் முன்னால் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

“பிரபு போட்டோ அனுப்பினாரு அத்தை. அத பிரிண்ட் எடுத்து எங்க ஆபீஸ்ல என் டேபிள்ல ஒட்டி வெச்சிருக்கேன். அந்த ‘நீ’ இருக்குதே… அப்படி ஒரு ‘நீ’ நான் பாத்ததே இல்ல. யாரு எழுதுனாங்க?”

அக்காவுக்கு வாழ்க்கையில் எத்தனையோ பெயர் கிடைத்திருக்கிறது. அதில் பாராட்டு குறைவு. தலையைக் குனிந்துகொண்டு, பெண் பார்க்க வந்திருப்பது தன்னைத்தான் என்பது போல் சொன்னது.

“நாந்தாம்மா.”

நிச்சயதார்த்தம் வரை ஒரு சிக்கலும் இல்லை. அதன் பிறகுதான் யாழினி கேட்டாள் — “அத்தை, உங்க எழுத்த ஃபான்ட்டா பண்ணட்டுமா?”

அக்கா உடனே சம்மதித்தது. வெள்ளை சார்ட் பேப்பரை ஹாலில் விரித்தோம். அக்கா குளித்து, நல்ல புடவை கட்டி, பொட்டு வைத்து, பிரஷ்ஷோடு உட்கார்ந்தது. அ எழுதியது. ஆவன்னாவுக்கு முன்னால் யாழினி நிறுத்திவிட்டாள்.

அந்த ‘அ’ பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சைக்கு எழுதியது போல அடக்க ஒடுக்கமாக இருந்தது. அடுத்து ‘நீ’ எழுதச் சொல்லிப் பார்த்தாள். “நீங்க சௌக்கியமா” என்று கேட்கிற ‘நீ’ வந்தது.

“அந்த மாரி எழுதுங்க அத்தை, செவுத்துல எழுதின மாரி.”

“அது எப்படிம்மா… அது தானா வரும்” என்றது அக்கா, பாவமாக.

பிரபு என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டான். “மாமா, அம்மாவுக்குக் கோவம் வரணும். வந்தாதான் அந்த எழுத்து வரும்.”

“அதுக்கு என்னாடா, உங்க அம்மாவுக்குக் கோவம் வரவெக்க ஊருக்கே தெரியும்” என்றேன்.

ஆனால், அது நான் நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. தமிழில் கால், கொம்பு எல்லாம் தனித்தனித் துண்டு. ஒரு தடவை கிடைத்தால் போதும், எந்த எழுத்தோடும் ஒட்டிக்கொள்ளலாம் என்றாள் யாழினி. வம்பு பிடித்தவை உகரமும் ஊகாரமும்தான். கு, கூ, டு, டூ, ணு, ணூ — ஒவ்வொன்றும் தனி உருவம். ஒவ்வொன்றையும் அக்கா எழுதியாக வேண்டும். கோபத்தோடு எழுதியாக வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ‘டூ’ வருகிற மாதிரி ஒருத்தரை எப்படித் திட்ட வைப்பீர்கள்?

நான் என் ஸ்கூட்டரை யூனிட் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது வெள்ளைச் சுவரில் ஈரம் காயாமல் மின்னியது — ‘டூவீலர் நிறுத்தினா காத்து எறங்கும்.’ கேட்டில் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்தேன். காற்று ஏற்கெனவே இறங்கியிருந்தது. போட்டோ எடுத்து யாழினிக்கு அனுப்பிவிட்டு, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே பஞ்சர் கடைக்குப் போனேன். வழியிலேயே பதில் வந்தது. ‘டூ சூப்பர் மாமா. அடுத்து லூ.’

லூவுக்கு மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு, ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நாலைந்து பேரிடம் போய், கடலூர் பஸ் இனிமேல் அந்த செராமிக் யூனிட் வாசலில்தான் நிற்கும் என்று நல்ல பிள்ளையாகச் சொன்னேன். அன்று மதியம் வரை வாசலில் ஒரு கூட்டம். சாயங்காலம் சுவரில் —

‘கடலூர் பஸ் இங்க நிக்காது. நிக்கும்னு சொன்னவன புடிச்சி ஒத.’

சில எழுத்துகள் கேட்காமலே வந்தன. காயவைத்திருந்த, இன்னும் சுடாத பச்சை அகல்களுக்கு நடுவே செருப்போடு நடந்து போனேன். யூனிட் உள்சுவரில் அக்கா, ‘எண்ணூறு தடவ சொல்லியாச்சு. செருப்ப வெளிய விடு’ என்று எழுதிவிட்டது. அதிலிருந்த ‘ணூ’வைப் பார்த்து யாழினி போனிலேயே கூவினாள். நம் எழுத்துத் தமிழில் ‘வூ’ வருகிற சொல்லைத் தேடிப் பிடிப்பது கஷ்டமாம். அக்கா அதை அலட்சியமாக எழுதித் தள்ளியது — ‘இது ஒங்க வூடு இல்ல, கம்பெனி.’

எங்கள் விருத்தாசலம் பக்கத்து நடுநாட்டுப் பேச்சைக் கேலி செய்கிறவர்கள் கவனிக்கவும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் ஒன்று போதாதாம். பக்கத்தில் பக்கத்தில் வருகிற இரண்டு ‘க’வும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால், மெஷின் எழுதியது என்று தெரிந்துவிடுமாம். “கையால எழுதினா ஒண்ணு சாயும், ஒண்ணு குதிக்கும் மாமா. அதனால இன்னும் கொஞ்சம் கோவம் வேணும்.” அவள் கேட்கக் கேட்க நான் கொடுத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். கூடப் பிறந்த அக்காவைத் திட்டம் போட்டு வெறுப்பேற்றுகிற வாய்ப்பு, அதுவும் கலைக்காக, எத்தனை தம்பிகளுக்குக் கிடைக்கும்?

ஆட்டோடு எல்லாம் முடிந்தது.

‘ஆ’ கிடைக்கவே இல்லை. அக்கா எதற்கும் ‘ஆ’ என்று ஆரம்பிக்கிற ஆள் இல்லை. இந்தத் தடவை நானே வந்து பார்க்கிறேன் என்று யாழினி புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். எதிர் டீக்கடை மல்லிகாவிடம் ஓர் ஆட்டை இரவல் வாங்கினோம். யூனிட் வாசல் தூணில் யாழினியே கட்டினாள். ‘ஆடு கட்டாதே’ என்று அக்கா எழுதும். போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்பது திட்டம்.

ஆட்டுக்கு எங்கள் திட்டம் தெரியவில்லை. பியூஸ் கேரியர் பேக்கிங்குக்காக உள்ளே வைக்கோல் குவித்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரே இழுப்பு. முடிச்சு அவிழ்ந்தது. யாழினி பாய்ந்து கயிற்றைப் பிடித்தாள். ஆடு மிரண்டு பக்கவாட்டில் துள்ளியது. பச்சை அகல்களைக் காயவைத்திருந்த பலகை ஒன்று சரிந்தது. அதன் மேல் இருந்ததெல்லாம் தரையில் மாவாகிப் போனது.

சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தது. ஆட்டைப் பார்த்தது. உடைந்ததைப் பார்த்தது. யாழினியின் ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் கேமராவைத் திறந்து வைத்த போன். அக்கா கொஞ்ச நேரம் அந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இதுக்குத்தானா?” என்றது.

யாழினி போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

“செருப்பும் இதுக்குத்தானா? கடலூர் பஸ்ஸும் இதுக்குத்தானாடா குமாரு?”

“அக்கா, அது வந்து…”

“நான் கோவப்பட்டா ஒங்களுக்கு வேடிக்கையா இருக்குதா? எல்லாரும் ஒண்ணு கூடி, போன்ல பாத்து சிரிச்சீங்களா?”

அக்கா கத்தியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். கத்தவில்லை. குரல் உடைந்துபோயிருந்தது. துடைப்பத்தை எடுத்து, குனிந்து, உடைந்த அகல்களைத் தானே கூட்டி அள்ளியது. வேலை செய்கிற பெண்கள் ஓடி வந்தபோதும் கொடுக்கவில்லை. யாழினி அழுதுகொண்டே உதவப் போனாள்.

“நீ போம்மா. பஸ்ஸுக்கு நேரமாவுது” என்றது அக்கா.

அதற்குப் பிறகு அக்கா எழுதவில்லை. பெயிண்ட் டப்பாவை மூடி, பரணில் தூக்கி வைத்துவிட்டது. கேட்டில் யார் வண்டி நிறுத்தினாலும் பேசாமல் சுற்றிக்கொண்டு போனது. சுவரோரம் மறுபடியும் ஆட்கள் ஒதுங்க ஆரம்பித்தார்கள். கல்யாணத் தேதி குறிக்க ஜோசியரிடம் போக வேண்டும் என்று பிரபு நினைவுபடுத்தினான். “இப்ப என்னா அவசரம்? பாத்துக்கலாம்” என்று மட்டும் சொன்னது. பெண் வீட்டிலிருந்து போன் மேல் போன். பிரபு சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டான்.

அத்தான் என் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“அவ திட்டாம வூடு வூடு மாரியே இல்லப்பா.”

எழுந்து போய்விட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை யாழினி, சொல்லாமல் கொள்ளாமல், லேப்டாப் பையோடு என் கடை வாசலில் நின்றாள். “அத்தையப் பாக்கணும். நீங்களும் வாங்க மாமா, தனியா போகப் பயமா இருக்குது” என்றாள். எனக்கும் பயம்தான். இரண்டு பயமாகச் சேர்ந்து போனோம்.

அக்கா பியூஸ் கேரியர்களுக்குத் திருகாணி மாட்டிக்கொண்டிருந்தது. நிமிரவில்லை. யாழினி எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“அத்தை, நான் சிரிக்கல. அந்த எழுத்து எனக்கு அவ்வளவு புடிச்சிருந்துச்சு. கேட்டு வாங்கப் பாத்தேன், வரல. அதனால திருட்டுத்தனம் பண்ணிட்டேன். தப்புதான். வேணாம்னு சொல்லுங்க, ஒங்க கண்ணு முன்னாடியே எல்லாத்தையும் அழிச்சிடுறேன்.”

அக்கா இரண்டு திருகாணி மாட்டியது. பிறகு, “அழிக்கிறதுக்கு முன்னாடி காட்டு. என்னாத்த அழிக்கிறேன்னு நான் பாக்க வேணாமா?” என்றது.

யாழினி லேப்டாப்பைத் திறந்தாள். ‘சாந்தி’ என்று தட்டினாள். திரையில் அக்காவின் கை, அக்காவின் பிய்ந்த கோடு, அக்காவின் முறைப்பு — எல்லாம் அப்படியே எழுந்து நின்றது. அக்கா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டது.

“நான் என்னா சொன்னாலும் இதுல வருமா?”

“சொல்லுங்க அத்தை, அடிக்கிறேன்.”

அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தது. பல நாள் கணக்கு அந்தப் பார்வையில் இருந்தது.

“‘குமாரு ஒரு மூஞ்சூறு’ன்னு அடி.”

யாழினி என்னைப் பார்க்காமல் அடித்தாள். ‘குமாரு’ கம்பீரமாக வந்தது. ‘ஒரு’ வந்தது. ‘மூஞ்’ வந்தது. அதற்கு அடுத்து ஒரு வெற்றுக் கட்டம். பிறகு ‘று’.

“என்னாடி இது? நடுவுல ஒரு பொட்டி?”

“அது ‘சூ’ அத்தை. இன்னும் இல்ல. நீங்க ‘சூ’ போட்டு யாரையும் திட்டவே இல்ல. எழுத்து இல்லாத எடத்துல அப்படித்தான் கட்டம் வரும்.”

அக்கா திரையை உற்றுப் பார்த்தது. முகம் மாறிக்கொண்டே வந்தது. கோபத்தை யாராவது படம் பிடித்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திட்டுக்கு நடுவில் ஓட்டை விழுந்தால் எப்படிப் பொறுப்பது? ஒரு மூஞ்சூறு முழுசாக வரவில்லை என்றால் அப்புறம் என்ன மரியாதை?

“வேற என்னென்னாடி இல்ல?”

யாழினி பயந்து பயந்து சொன்னாள். “பூ இல்ல… ஞூ இல்ல… ழூ இல்ல… ஆவன்னா இல்ல…”

“ஆவன்னாகூட இல்லாமயா இத்தன நாளு சுத்திக்கினு இருந்த? டேய், பரண்லேர்ந்து அந்த டப்பாவ எடு.”

எடுத்தேன். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவருக்குப் போனது. கேட்டுப் பக்கம் ஆரம்பித்தது. சூ, பூ, ஆ. பிரஷ் சுவரில் உரசுகிற சத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. உலகத்தில் இதுவரை யாரும் யாரையும் திட்டப் பயன்படுத்தாத ‘ஙூ’வைக்கூட, யாரோ எதிரே நிற்பது போல எழுதியது. ஒவ்வொன்றிலும் மூன்று வேண்டும் என்று யாழினி மெல்லச் சொன்னாள்.

“மூணா? நீ என்னா இம்போசிஷன் குடுக்குறியா எனக்கு?” என்று கேட்டுவிட்டு அக்கா மூன்றாவது ‘க’வை இழுத்தது பாருங்கள்… அதைப் பார்த்து நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். ஃபான்ட்டிலேயே சிறந்த எழுத்து அதுதான் என்று யாழினி இன்றைக்கும் சொல்கிறாள்.

பெண்ணாடத்துக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டர் ஒன்று வேகம் குறைத்தது. டிரைவர் சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை படித்தார்.

“இன்னாக்கா, ஸ்கூலு ஆரம்பிச்சிட்டீங்களா?”

“ஆமா. ஒன்ன மாரி ஆளுக்கெல்லாம் அனா ஆவன்னாலேர்ந்து சொன்னாதான் ஏறும்போல இருக்குது” என்றது அக்கா, திரும்பாமலே.

உள்ளே சூளைப் பக்கமிருந்து அத்தான் எட்டிப் பார்த்தார். சிரித்தார். அவர் பல்லை நான் பார்த்து வருஷமாகிறது.

எழுதி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டே அக்கா கேட்டது. “இதுக்கு என்னா பேரு வெக்கப் போற?”

“‘ஆத்திரம்’னு யோசிச்சு வெச்சிருக்கேன் அத்தை. இல்லன்னா ‘காளி’.”

“என்னாத்துக்கு அதெல்லாம்? எம் பேரே நல்லாத்தான இருக்குது” என்றது அக்கா.

ஆகவே, தமிழ் ஃபான்ட்டுகளிலேயே முரட்டு ஃபான்ட்டின் பெயர் ‘சாந்தி’.

அது வெளிவந்து இப்போது நாலாபுறமும் பரவியிருக்கிறது. தோசை மாவு பாக்கெட்டில் பார்க்கிறேன். டீஷர்ட்டில் பார்க்கிறேன். ஒரு பல் ஆஸ்பத்திரி போர்டில்கூடப் பார்த்தேன். அங்கே ரொம்பப் பொருத்தம். சென்னையில் இதை ‘உரிமையோடு கூப்பிடுகிற எழுத்து’ என்கிறார்களாம். கூப்பிடுகிறதா, துரத்துகிறதா என்பது அக்காவைத் தெரிந்தவர்களுக்குத்தான் வெளிச்சம்.

ஆனால், ஒன்று தோன்றுகிறது. நாமெல்லாம் இப்போது போனில்தான் சண்டை போடுகிறோம், போனில்தான் கொஞ்சுகிறோம். ‘இனி உன்கூடப் பேச மாட்டேன்’ என்பதும் ‘சாப்பிட்டியா’ என்பதும் ஒரே எழுத்து, ஒரே உயரம், ஒரே வழவழப்பு. நமக்கே சந்தேகம் வந்து, பின்னாலேயே ஒரு மஞ்சள் மூஞ்சியைச் சேர்த்து அனுப்புகிறோம். அக்கா எழுத்துக்கு அந்த மூஞ்சி தேவைப்பட்டதே இல்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பத்திரிகையை ‘சாந்தி’யில்தான் அச்சடிக்க வேண்டும் என்று யாழினி ஒற்றைக் காலில் நின்றாள். நல்ல காரியத்துக்கு எதற்கு என்று அக்கா இழுத்தது. கடைசியில் சரி என்றது. ‘சுற்றமும் நட்பும் சூழ வந்து மணமக்களை வாழ்த்துமாறு அன்புடன் அழைக்கிறோம்’ — வழக்கமான வாசகம்தான். கறுப்பு எழுத்து, கொம்பெல்லாம் முட்டியபடி.

பத்திரிகை போய்ச் சேர்ந்த அன்றே கம்மாபுரத்திலிருந்து எங்கள் சித்தப்பா போன் பண்ணினார்.

“என்னாப்பா குமாரு, ஒங்க அக்காவுக்கு எம்மேல எதுனா வருத்தமா?”

“இல்லியே சித்தப்பா. பத்திரிகைதான வந்திருக்குது.”

“ம்… படிச்சேன். கண்டிப்பா வந்துடுறோம்னு சொல்லிடு. மொத நாளே வந்துடுறோம்.”

எங்கள் சொந்தக்காரர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். முகூர்த்தம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. நேராகப் பந்திக்குத்தான் வருவார்கள். அன்றைக்கு நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது மாப்பிள்ளையே இன்னும் சட்டை மாற்றவில்லை. நாற்காலிகள் நிரம்பியிருந்தன. யாரும் சத்தமாகப் பேசவில்லை. வாசலில் செருப்புகள் வரிசையாக, ஜோடி ஜோடியாக இருந்தன.

தாமதமாக வந்தவர் ஐயர் ஒருவர்தான். அவருக்குப் பத்திரிகை வைக்காமல், போனில் சொல்லிவிட்டிருந்தோம்.